கண்ணாடியில் நின்ற தண்ணீர்

"கண்ணாடியில தண்ணி நின்னுது வே! பாதிக் குழாய்க்கு நின்னுது! என் ரெண்டு கண்ணால பாத்துட்டுத்தான் பத்த வெச்சேன்னு எத்தன தடவ சொல்லுதேன்!"

"கண்ணாடியில நின்னுச்சுன்னா கண்ணாடிய கொளுத்தவேண்டியதுதான அண்ணாச்சி? பாய்லர ஏன் கொளுத்துன?"

"மரியாதையாப் பேசும் பாய்."

"மரியாத இன்னா மரியாத! காலிச் சட்டிய அடுப்புல வெச்சி ரெண்டு மணி நேரம் எரிச்சிக்கீற. உன் வூட்ல சோறு வடிக்கிறவங்களக் கேளு, காலிச் சட்டி இன்னா ஆவும்னு!"

"வடிச்சது நீரு! ஒரு வார்த்த சொல்லாம வடிச்சது நீரு!"

"சொன்னேன்யா! வடிச்ச அன்னிக்கே சொல்லிட்டேன்!"

ஆயுத பூஜையன்று மாலை நான்கு மணிக்கு, திருவொற்றியூர் உப்பு டிப்போ தெருவின் கோடியில் இருக்கும் தகரக் கொட்டகையில் நடந்த சண்டை இது. சுண்டல் வாங்க வந்த கூட்டம் கலையவில்லை. சுண்டலை எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம். சுயம்பு அண்ணாச்சியை ஒருவர் 'நீ' என்று கூப்பிடுவதை இங்கே மட்டும்தான் கேட்க முடியும். அதுவும் ஆறு வருஷமாக 'நீங்க, வாங்க' என்று பேசிவந்த ரஹீம்.

ரஹீம் எண்ணூரில் ஒரு சமையல் எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்ப்பவர். வயது ஐம்பத்து நான்கு. முதல் வகுப்பு பாய்லர் சான்றிதழை பீரோவில் நகைக்கு மேல் தட்டில் வைத்திருப்பதாக அவருடைய மனைவி உமைமாவே சொல்லிச் சிரிப்பாள். சுயம்பு பழைய இரும்பு வியாபாரி. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷம் திருவொற்றியூர்த் தண்ணீரைக் குடித்தும் பேச்சில் உப்பு ஏறாத மனிதர். அன்று ரஹீம் ஆலைச் சட்டையைக் கூடக் கழற்றவில்லை. அவர் உள்ளங்கையில் பழைய துணியில் சுற்றிய ஈயக் கட்டி ஒன்று இருந்தது. சூடு ஆறாததால் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே, நெற்றியில் சந்தனமும் கழுத்தில் சாமந்தி மாலையுமாக நின்றது மூணாம் நம்பர்.

மூணாம் நம்பர் என்றால் ஒரு ரயில் எஞ்சின். பெரிய ரயிலை நினைத்துக்கொண்டு வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஏமாந்துதான் போனார்கள். ஒரு மினி லாரி உயரம், நான்கு சக்கரம், இரண்டடி அகலத் தண்டவாளம். முன்பு இங்கே இருந்த உப்புக் கம்பெனி, கழிமுகத்துப் பாத்திகளிலிருந்து கிடங்குக்கு உப்பு மூட்டை இழுக்க வைத்திருந்தது. கரியைப் போட்டு, நீராவியில் ஓடும். மற்ற இரண்டு எஞ்சின்களும் எப்போதோ எடைக்குப் போய்விட்டன. கம்பெனியை மூடியபின் இது கொட்டகைக்குள் கிடந்தது. வெளியே முந்நூறு மீட்டர் தண்டவாளம் சீமைக்கருவேலத்துக்குள் ஒளிந்து கிடந்தது. உப்புக் காற்று தின்றதுபோக மிச்சம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கொட்டகையைப் பிரித்து எடுக்கும் வேலை சுயம்புவுக்குத்தான் வந்தது. கேஸ் கட்டரைப் பற்றவைத்துக்கொண்டு ஆள் தயாராக நின்றான். பழைய வால்வு ஒன்று தேடி அங்கே வந்த ரஹீம், கையிலிருந்த ஸ்பேனரால் எஞ்சினின் வயிற்றைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் காதை வைத்துக் கேட்டார். பிறகு, "அண்ணாச்சி, இது சாவல. தகடு கெட்டியா கீது. வெட்டாதீங்க" என்றார்.

சுயம்பு வெட்டவில்லை. கையில் சிக்கிய எந்த இரும்பையும் முப்பது வருஷத்தில் வெட்டாமல் விட்டதில்லை அந்த மனிதர். ரஹீமின் வார்த்தைக்குக் கட்டுப்பட்டார் என்று ஒரு சாரார் சொல்வார்கள். அதே வாரத்தில் ஒரு ஆங்கிலப் பத்திரிகைக்காரர் வந்து எஞ்சினுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்திப் படம் பிடித்ததுதான் காரணம் என்பார்கள் இன்னொரு சாரார். தெருவில் நாங்கள் இரண்டையும் நம்பினோம். அந்தப் படம் இன்றைக்கும் அவர் எடை மேடை அறையில் சாமி படங்களுக்கு நடுவே மாட்டியிருக்கிறது.

பிறகு சிறு ரயில் பாதுகாப்புக் குழு வந்தது. தலைவர் சுயம்பு. செயலாளர் பெனிட்டோ. ராயபுரத்தில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் வேலை பார்க்கும் பையன். நல்ல ஆங்கிலம், நல்ல கேமரா, வாரத்துக்கு ஒரு புதுச் சட்டை. கொட்டகைச் சாவி அவனிடம் இருக்கும். குழுவின் பெயரில் முகநூல் பக்கம் நடத்தியதும் அவன்தான். ரஹீமுக்கு எந்தப் பதவியும் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தவருக்குப் பதவி தர யாருக்கும் தோன்றவில்லை. வெளியே கால் மட்டும்தானே தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு விலை கொடுத்தது உமைமா. அவளுக்கு இளைப்பு. இந்தப் பக்கத்துப் புகையும் வாடையும் ஆகாது, வேறு எங்காவது போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லி ஐந்து வருஷம் ஆகிறது. ஆம்பூரில் அவளுடைய அண்ணன் வீடு பார்த்து வைத்தான், ரஹீமுக்கு வேலையும் பார்த்து வைத்தான். "மூணாம் நம்பர் ஒருதபா ஓடட்டும் உமைமா. அதும் விசில ஒருதபா கேட்டுட்டு மறுநாளே கெளம்பிடலாம்" என்பார் ரஹீம். அவள் மருந்தை வாயில் அடித்துக்கொண்டே, "எனக்கு இங்கயே விசில் அடிக்குதே, அது பத்தலியா உங்களுக்கு?" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுவாள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான் நடுவில். கேட்காமல் இருக்க முடியாது.

போன வருஷம் உப்புக் கம்பெனியின் வாரிசுகள் ஒரு கடிதம் அனுப்பினார்கள். டிசம்பர் முடிவதற்குள் பாய்லருக்குச் சான்றிதழ் வாங்கி, எஞ்சின் தன் நீராவியிலேயே அந்த முந்நூறு மீட்டரை ஓடிக் காட்டினால், கொட்டகையையும் பாதையையும் முப்பது வருஷத்துக்குக் குழுவிடமே விட்டுவிடுவார்கள். ஓடாவிட்டால் நிலத்தை விற்றுவிடுவார்கள். பெனிட்டோ அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து கொட்டகைச் சுவரில் ஒட்டினான். அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துப் போட்டான். ரஹீம் அதற்கப்புறம் சனிக்கிழமைகளையும் எடுத்துக்கொண்டார்.

அக்டோபரில், ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முந்தைய வியாழக்கிழமை, பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்தார். முதல் சோதனை தண்ணீர் சோதனை. நெருப்பு கிடையாது. பாய்லர் நிறையத் தண்ணீரை அடைத்து, கைப் பம்பால் அழுத்தம் ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது. பாய்லரின் பக்கத்தில் விரல் தடிமனுக்கு ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். சோதனை அழுத்தத்தில் கண்ணாடி தெறித்துவிடக் கூடாது என்று, தண்ணீர் பாதிக் குழாய்க்கு ஏறியதுமே ரஹீம் அதன் மேல் திருகையும் கீழ்த் திருகையும் மூடினார். பிறகு அரை மணி நேரம் பம்பின் முள்ளும் அசையவில்லை, நாங்களும் அசையவில்லை. ரஹீம் மட்டும் காய்ந்த துணியால் ஒவ்வொரு ஆணியாகத் துடைத்துத் துடைத்துத் துணியைப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"திங்கக்கிழமை நெருப்புப் போட்டு ஸ்டீம் எழுப்பிக் காட்டுங்க. சரியா இருந்தா கையெழுத்துப் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போனார்.

சுயம்பு தெரு முழுக்க அல்வா கொடுத்தார். ரஹீமைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பாய், நீரு மனுசன் இல்ல வே, எஞ்சின் டாக்டரு" என்றார். அவர் சட்டையெல்லாம் மசியானது. அதற்காகச் சீனியம்மாள், அவர் வீட்டம்மா, அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை.

அன்று சாயங்காலமே ரஹீம் பாய்லரின் அடித் திருகைத் திறந்து அத்தனை தண்ணீரையும் வடித்தார். சோதனைக்கு நிரப்பியது போர்த் தண்ணீர். எங்கள் தெருப் போர்த் தண்ணீரில் இரண்டு நாள் வாளி நின்றால் வாளிக்கு வெள்ளை மீசை முளைக்கும்; பழைய இரும்புக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமைக்கு நல்ல தண்ணீர் லாரி சொல்லியாகிவிட்டது. வடித்து முடித்ததும், சாவி வைத்திருக்கும் பெனிட்டோவுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார்: "தம்பி, பாய்லர் காலி. சுத்தமா வடிச்சிட்டேன். திங்கக்கெழம லாரித் தண்ணி வர்ற வரைக்கும் யாரும் நெருப்பு கிருப்புன்னு கிட்ட போவவேணாம். பூஜைக்கு வர்றவங்க பொட்டு வெச்சிக்கட்டும். அவ்ளோதான்."

பூஜையன்று ரஹீம் ஏன் இல்லை என்றால், அது ஆலையில் வருஷா வருஷம் நடக்கிற ஏற்பாடு. ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் வீட்டில் இருக்க அவர் பாய்லரைப் பார்த்துக்கொள்வார். பெருநாளைக்கு அவர் வீட்டில் இருக்க அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆலைப் பாய்லரின் கதவுக்கு அன்றைக்குக் குங்குமம் வைப்பதும் ரஹீம்தான். வைக்க வேறு ஆள் இருக்க மாட்டார்கள்.

சுயம்புவின் பூஜை எங்கள் பக்கத்தில் பேர்போனது. பூஜை போட்ட இயந்திரத்தை அந்த நல்ல நேரத்துக்குள் ஒரு தடவையாவது இயக்கிக் காட்டவேண்டும், அப்போதுதான் வருஷம் முழுக்க நிற்காமல் ஓடும் என்பது அவர் கணக்கு. லாரிகளுக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவார். எடை மேடையில் தானே ஏறி நின்று இறங்குவார். கேஸ் கட்டர், கிரைண்டிங் மெஷின், கடை மின்விசிறி எல்லாவற்றுக்கும் ஒரு சுற்று உண்டு. அன்று எல்லாம் முடித்துவிட்டு, ஊர்வலம் மாதிரிக் கொட்டகைக்கு வந்தார். மூணாம் நம்பரின் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். சூடம் காட்டியாயிற்று. பூசணிக்காயும் உடைத்தாயிற்று. எஞ்சின் மட்டும் சும்மா நின்றது.

"ஓட வேண்டாம். ஓட்டம் திங்கக்கிழமைதான். ஆனா பூசை போட்டுட்டு அடுப்பு பத்த வைக்காம போறது நல்லால்ல. ஒரு புகையாவது வரணும்லா?" என்றார் சுயம்பு.

பழைய பெட்டிப் பலகையும் கொட்டாங்கச்சியும் வந்தன. ஒரு கேன் டீசலும் வந்தது. சீனியம்மாள் மெதுவாக, "பாய் வந்து பத்த வைக்கட்டுமே. நாலு மணிக்கு வந்துருவாருல்லா?" என்றாள்.

"நல்ல நேரம் மூணரைக்கு முடியுது. எமகண்டத்துலயா பத்த வைக்கச் சொல்லுத?"

பூஜை நாளில் எமகண்டம் எந்நேரம் என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவள் சுண்டல் பொட்டலம் கட்டப் போய்விட்டாள்.

ஆனால் சுயம்புவும் ஒரேயடியாக முட்டாள் இல்லை. தண்ணீர் இல்லாமல் பாய்லரை எரிக்கக் கூடாது என்பது ஆறு வருஷம் ரஹீமோடு பழகியதில் அவருக்குத் தெரிந்திருந்தது. குனிந்து கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். பாதிக்குத் தண்ணீர் நின்றது. அப்படியும் சந்தேகம் போகாமல், கைபேசியில் எல்லாவற்றையும் நேரலையாக எடுத்துக்கொண்டிருந்த பெனிட்டோவைப் பார்த்து, "தண்ணி இருக்குல்லா டே?" என்றார்.

"கண்ணாடியில காட்டுது தலைவரே" என்றான் பெனிட்டோ.

இரண்டு மணிக்குப் பற்றவைத்தார். புகைபோக்கியிலிருந்து கறுப்பாக ஒரு சுருள் எழும்பியபோது தெருவே கைதட்டியது. பொய் சொல்வானேன், எங்களுக்கும் மயிர்க்கூச்செறிந்தது. நேரலையில் பார்த்தவர்கள் இன்னும் புகை வேண்டும் என்று எழுதினார்கள். பெனிட்டோ வாசித்துச் சொல்லச் சொல்ல சுயம்பு பலகையைத் தள்ளினார். பச்சைத் தென்னை மட்டையும் போட்டார். சுயம்புவின் மகள் ஷிஜி, வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவள், நெருப்புப் பெட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, மேலருந்து ஏதோ வெள்ளி மாதிரி சொட்டுது" என்றாள்.

"பழைய பெயின்டா இருக்கும் மக்கா. தள்ளி நில்லு."

அது பெயின்ட் இல்லை. நெருப்புப் பெட்டியின் கூரைத் தகட்டில் ஈயம் அடைத்த திருகாணி ஒன்று இருக்கும். தகட்டுக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் குறைந்து தகடு காய்ந்தால் முதலில் அந்த ஈயம் உருகி விழும். நெருப்பை எடு என்று பாய்லர் சொல்லும் கடைசி வார்த்தை அதுதான் என்று ரஹீம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றிருந்தோம்.

நான்கு மணிக்கு ரஹீம் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மெயின் ரோட்டிலிருந்தே புகை தெரிந்திருக்கிறது. அவர் ஓடி வந்ததைப் பார்த்தவர்கள், முதலில் முகம் சிரித்த மாதிரிதான் இருந்தது என்கிறார்கள். பிறகு சோற்று டப்பா எங்கோ விழுந்தது. கொட்டகைக்குள் நுழைந்தவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கம்பியை எடுத்து நெருப்பு முழுவதையும் தரையில் இழுத்துப் போட்டார். சாம்பலைக் கிளறி அந்த ஈயக் கட்டியைத் துணியில் பொறுக்கினார். அதற்குப் பிறகுதான் நீங்கள் முதலில் கேட்ட சண்டை.

சண்டையின் நடுவே சீனியம்மாள் ஒரு பொட்டலத்தை நீட்டி, "பாய், சுண்டலாவது எடுத்துக்கிடுங்க" என்றாள். பாவம், அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரஹீம் அதை வாங்கிக்கொண்டார். ஒரு கையில் ஈயம், ஒரு கையில் சுண்டல். அப்படியே வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை நல்ல தண்ணீர் லாரி சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. இன்ஸ்பெக்டரும் வந்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு நெருப்புப் பெட்டிக்குள் தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. கூரைத் தகடு குழந்தைத் தூளி மாதிரித் தொய்ந்து கிடந்தது. குழாய்கள் தகட்டோடு சேருமிடமெல்லாம் விட்டுப்போயிருந்தது.

"புதுப் பாய்லர்தான் செய்யணும். இதுல ஸ்டீம் ஏத்துனா எஞ்சினும் இருக்காது, இந்தத் தெருவும் இருக்காது" என்று சொல்லி அவர் கோப்பை மூடினார். டிசம்பருக்குள் புதுப் பாய்லர் என்பது நடக்கிற காரியமில்லை என்று ரஹீமுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லாரிக்காரர் தண்ணீரை என்ன செய்வது என்று கேட்டார். ஆளுக்கு இரண்டு குடம் பிடித்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு சுயம்புவின் எடை மேடை அறையில் குழுக் கூட்டம். வாரிசுகளுக்கு அறிக்கை அனுப்ப வேண்டுமாம், எப்படிக் கெட்டது, யார் பொறுப்பு என்று. பெனிட்டோ முன்கூட்டியே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தான். "பாய்லரைப் பராமரித்த நபர், தண்ணீரை வடித்ததைக் குழுவுக்குத் தெரிவிக்கவில்லை, கண்ணாடிக் குழாயில் தண்ணீரை விட்டுவைத்ததால் தவறான தோற்றம் ஏற்பட்டது" என்று இருந்தது. நபருக்குப் பெயர்கூடப் போடவில்லை.

ரஹீம் வாசலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடாத உமைமா உள்ளே வந்தாள். கையில் ரஹீமின் கைபேசி.

"அண்ணாச்சி, தெரிவிக்கலன்னு எழுதிக்கீதே, இத கொஞ்சம் கேளுங்க" என்று அந்தக் குரல் பதிவை ஓடவிட்டாள். 'தம்பி, பாய்லர் காலி' என்று ரஹீமின் குரல் அறைக்குள் சொன்னது.

பெனிட்டோ உடனே, "அக்கா, அன்னிக்கு நெறைய மெசேஜ் வந்துகினு இருந்துச்சு. நான் இத தொறக்கவே இல்ல" என்றான்.

"எங்க நாத்தனாரு துபாய்ல கீறாங்க தம்பி. நாளைக்கு இருவது தபா பேசி அனுப்புவேன். கேட்டாங்களா கேக்கலியான்னு பாக்கறதே எனக்கு வேல." அவள் திரையை எல்லோர் முகத்துக்கும் நேராகக் காட்டினாள். "கேக்காங்காட்டி இந்த மைக்கு சாம்பக் கலர்ல இருக்கும். கேட்டா நீலமா மாறிடும். இது இன்னா கலரு, நீயே சொல்லு."

நீலம். எட்டிப் பார்த்த எல்லோருக்கும் நீலமாகத்தான் தெரிந்தது.

பெனிட்டோவின் முகம் அவன் சட்டையை விட வெளுத்தது. சுயம்புவைப் பார்த்தான். "மாமா... நீங்க கையில சூடத்தோட நிக்கிறீங்க. ஊரே நிக்குது, லைவ்ல நாலாயிரம் பேரு பாத்துகினு கீறாங்க. அப்போ போய் காலின்னு சொன்னா உங்களுக்கு அசிங்கமா போயிருக்கும். கொஞ்ச நேரம் எரிச்சா ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன் மாமா."

அதுவரைக்கும் 'தலைவரே'தான். மாமா என்ற வார்த்தை அந்த அறையில் முதன்முதலாக அப்போதுதான் விழுந்தது. சீனியம்மாள் ஷிஜியைப் பார்த்தாள். ஷிஜி எடை மேடையின் முள்ளைப் பார்த்தாள். ஆறு மாதமாக எங்களுக்கே பிடிபடாமல் ஒரு காரியம் நடந்திருக்கிறது என்றால் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான்.

சுயம்பு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனதுக்குள் எதை எந்தத் தட்டில் வைத்தார் என்று நமக்குத் தெரியாது. கடைசியில் உமைமாவைப் பார்க்காமலே, "கண்ணாடியில தண்ணி இருந்தது இருந்ததுதானம்மா. அத யாரு விட்டு வெச்சா?" என்றார்.

"நான்தான்" என்றார் ரஹீம்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் உமைமா.

"இல்ல உமைமா. திருக மூடிட்டா கிளாஸ்ல நிக்கற தண்ணி எறங்காது. பாய்லர வடிச்சா கிளாஸையும் வடிக்கணும். கீழ ஒரு குட்டித் திருகு கீது. அர நிமிஷ வேல. டெஸ்டு பாஸாயிட்ட குஷில மறந்துட்டேன். ஆலையில இப்டி வுட்டிருந்தா சீட்ட கிழிச்சி வூட்டுக்கு அனுப்பிருப்பான்." அவர் எழுந்து வந்து பேனாவைக் கேட்டார். "ஆனா 'தெரிவிக்கல'ன்றத அடிச்சிடுங்க அண்ணாச்சி. மீதி கரெக்டு."

பெனிட்டோ அந்த வரியை அடித்தான். யார் தெரிவித்தார், யார் கேட்டார் என்று அந்த இடத்தில் எதுவும் எழுதவில்லை. ரஹீம் கையெழுத்துப் போட்டார். உமைமா கைபேசியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அன்று அவளுக்கு வந்த இளைப்பு எங்கள் வீட்டு வரைக்கும் கேட்டது. ரஹீம் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். விசிலைப் பற்றி அவர் அதற்கப்புறம் பேசியதாக யாரும் சொல்லவில்லை.

ஜனவரியில் நிலம் கைமாறியது. பொங்கல் முடிந்த வாரம் ஆம்பூருக்கு ஒரு சின்ன டெம்போவில் ரஹீம் வீட்டுச் சாமான் ஏறியது. சுயம்பு வரவில்லை, சீனியம்மாளிடம் ஒரு பை பனங்கருப்பட்டி கொடுத்தனுப்பினார். ரஹீம் வாங்கிக்கொண்டார். அவர் எதையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்.

மூணாம் நம்பரைச் சுயம்பு வெட்டவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். எர்ணாவூரில் அவருடைய மச்சானுக்குக் கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் வாசலில் சிமெண்ட் மேடை கட்டி ஏற்றிவிட்டார்கள். உருண்டுவிடாமல் சக்கரங்களைத் தண்டவாளத்தோடு வெல்டிங் வைத்தார்கள். மழைநீர் தேங்கிக் கொசு வரக் கூடாது என்று பாய்லரின் அடியில் ஓட்டை போட்டார்கள். சிவப்பும் பச்சையுமாகப் பெயின்ட் அடித்துப் புகைபோக்கிக்குள் மேடைக் கச்சேரிக்கு வைக்கும் புகை மெஷினை இறக்கினார்கள். பொத்தானை அழுத்தினால் வெள்ளையாகப் புகை வரும். கருங்கல் பலகையில் 'நம் பாரம்பரியத்தைப் பாதுகாத்தோர்' என்று தலைப்பு. முதல் பெயர் சுயம்பு, இரண்டாவது பெனிட்டோ, மூன்றாவது மண்டபத்துக்கார மச்சான். மச்சான் எதைப் பாதுகாத்தார் என்று கேட்கக் கூடாது, மேடைக்குச் சிமெண்ட் அவர் போட்டது.

ஆவணியில் பெனிட்டோவுக்கும் ஷிஜிக்கும் அதே மண்டபத்தில் கல்யாணம். இரண்டு வீட்டுக்கும் ஊரும் சாதியும் ஒன்று, சாமிதான் வேறு. ஆகவே சண்டை ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. காலையில் சர்ச், மாலையில் மண்டபம். மாப்பிள்ளையும் பெண்ணும் எஞ்சின் மேல் ஏறி நின்றார்கள், புகை வந்தது, ட்ரோன் கேமரா தலைக்கு மேல் சுற்றியது.

உமைமா வந்திருந்தாள், தனியாக, ஆம்பூரிலிருந்து பஸ்ஸில். பாய் வரவில்லையா என்று கேட்டதற்கு, "அவருக்கு ஷிஃப்டு" என்றாள். தோல் தொழிற்சாலைப் பாய்லராம். ஆம்பூர்க் காற்று மட்டும் சந்தன வாசமா என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை. இளைப்பு பாதி குறைந்திருக்கிறது என்று அவளே சொன்னாள். சீனியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுயம்பு தூரத்திலிருந்தே கும்பிட்டார்.

மொய் எழுதிவிட்டு வெளியே வந்தவள் எஞ்சின் பக்கம் போனாள். படம் எடுக்கும் கூட்டம் முன்பக்கம் நின்றது. இவள் பக்கவாட்டில் போய் நின்றாள். பெயின்ட் அடித்தவர்கள் அழகுக்காகக் கண்ணாடிக் குழாய்க்குள் பாதிக்கு நீல நிறத் தண்ணீர் ஊற்றித் திருகுகளை மூடியிருந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருந்தது. அவள் குனிந்து, கீழே இருந்த அந்தக் குட்டித் திருகைத் தேடிப் பிடித்து, புதுப் பெயின்ட் ஒட்டியிருந்ததால் இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பினாள். நீலத் தண்ணீர் மேடையில் வழிந்து, கருங்கல் பலகை வரைக்கும் ஓடியது. குழாய் முழுக்கக் காலியாகும் வரை நின்று பார்த்துவிட்டு, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

பந்திக்கு நிற்கவில்லை, பஸ் போய்விடும் என்றாள்.

பெனிட்டோவும் ஷிஜியும் இப்போது போரூரில் இருக்கிறார்கள். அவளுக்கு வங்கியில் வேலை கிடைத்துவிட்டது. உப்பு டிப்போ தெருவில் ரஹீம் இருந்த வீட்டுக்கு ஒரு மீன் வியாபாரி குடும்பம் வந்திருக்கிறது. ரஹீம் ஆம்பூரை விட்டு இந்தப் பக்கம் இதுவரை வரவில்லை.